ஃப்ரீயா பழகுற பொண்ணு

சிவப்பு விளக்கைப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் நின்றுவிடுவார். ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பார். இடது பக்கம் திரும்புகிறவர்கள் நிற்க வேண்டாம், அதற்குப் பெயர் ஃப்ரீ லெஃப்ட் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "போர்டு எங்க இருக்கு, காட்டு" என்பார். நான் காட்டுவதற்குள் பச்சை விழுந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் நின்றார். திருவான்மியூர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, கோட்டூர்புரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். அடையார் சிக்னல். வெயில் இறங்கியும் தார் ரோட்டின் சூடு இறங்காத நேரம். வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ என் மடியில் வாட ஆரம்பித்திருந்தது.

எங்களுக்கு வலது பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சாம்பல் நிற துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. காலடியில் காய்கறிப் பை, அதிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது. ஆட்டோக்காரர் என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள்.

எல்லோரும் உள்ளங்கையால்தான் வாயை மூடுவார்கள். புறங்கையால் மூடிச் சிரிக்கிறவளை நான் என் வாழ்நாளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஜரீனா" என்றேன்.

அவள் திரும்பினாள். கண்ணாடியை மேலே தூக்கினாள். "யா அல்லா, வாசு" என்று ஆட்டோவிலிருந்து கையை நீட்டினாள். நானும் நீட்டினேன். விரல் நுனிகள்தான் எட்டின. பிறகு அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போய்விட்டது. எனக்கு முன்னால் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"கல்யாணம் ஆச்சாடி, வாசு?"

அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அவள் கண் கலங்கக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் காரணம் உண்டு.

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. "யோவ் பெர்சு, ஃப்ரீ லெஃப்ட்டுல இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? போய்க்கினே இரு."

வாழ்நாள் முழுக்க யார் சொல்லியும் ஃப்ரீ லெஃப்டில் போகாத மனிதர், அன்றைக்கென்று பார்த்துப் போய்விட்டார். ஜரீனாவின் விரல் என் விரலிலிருந்து நழுவியது.

ஒரு வார்த்தை படுத்தும் பாடு

ஜரீனா யார் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் இருவரையும் பிரித்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் பிரித்ததும் அதே வார்த்தைதான், அதற்கு வெகுகாலம் முன்பு பிரித்ததும் அதே வார்த்தைதான்.

ஃப்ரீ. இங்கிலீஷே தெரியாது என்கிறவர்கள்கூட நம் ஊரில் ஒரு நாளைக்கு இந்த வார்த்தையைச் சொல்லாமல் தூங்குவதில்லை. சும்மா கிடைத்தால் ஃப்ரீ. சும்மா இருந்தாலும் ஃப்ரீ. தோளில் தொளதொளவென்று தொங்கும் நைட்டிக்குப் பெயர் ஃப்ரீ சைஸ். பின்னாமல் விட்ட கூந்தல் ஃப்ரீ ஹேர். எங்கள் காலத்தில் தலையை அப்படி விரித்துப் போட்டால் வீட்டில் இழவு விழுந்ததா என்று கேட்பார்கள். இப்போது கல்யாணப் பெண்ணே ரிசப்ஷனில் அப்படித்தான் நிற்கிறாள், அழகாகவும் இருக்கிறது.

சர்க்கரை இல்லாத பிஸ்கட்டுக்கும் ஃப்ரீ, வாத்தியார் வராத வகுப்புக்கும் ஃப்ரீ. சண்டை வந்தால் "ஃப்ரீயா விடு மச்சி." போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனபோது, தினமும் காலையில் நர்ஸ் பெண் வந்து, வார்டே கேட்கிற மாதிரி, "தாத்தா, மோஷன் ஃப்ரீயா போச்சா?" என்று விசாரித்தாள். இவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து "நான் ஃப்ரீ, நான் ஃப்ரீ" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வார்த்தையையே எடுக்கவில்லை.

இத்தனை அர்த்தத்தையும் தாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சாதுவாக இருக்கிறதே என்று நினைக்கக்கூடாது. சமயம் பார்த்துக் காலை வாரிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே

கல்யாணத்துக்கு முன் நான் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தேன். வீடு சிந்தாதிரிப்பேட்டையில். அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். அவர் சட்டையில் எப்போதும் மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கும்.

ஆடித் தள்ளுபடி வந்தால் கடையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போடுவார்கள். புடவை எடுத்தவர்கள் பில்லைக் காட்டினால் ஒரு எவர்சில்வர் டம்ளர் ஃப்ரீ. அந்த மேஜையில் உட்கார என்னையும், ராயப்பேட்டையிலிருந்து வரும் ஜரீனாவையும் போட்டார்கள். ஜனங்கள் எங்களை "ஃப்ரீ அக்கா" என்றே கூப்பிட்டார்கள். விலை கேட்டு முகம் சுளிக்காமல் பட்டு எடுத்தவர்கள், டம்ளரில் ஒரு நசுங்கல் இருந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

ஜரீனா வீட்டில் உருது பேசுவார்கள். அவள் நாக்கில் அந்த 'ஃப' அவ்வளவு சுத்தமாக வரும். நான் 'பிரீ' என்பேன். "பல்லால கீழ் உதட்டைக் கடிச்சுக்கினு ஊதுடி" என்று அவள் சொல்லிக் கொடுப்பாள். நான் ஊதினால் எச்சில் தெறிக்கும். புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கலாக இருக்கும், அதை மறைக்கத்தான் அந்தக் கை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் டப்பாவைத் திறந்தால் தால்சா வாசனை வரும். அதில் இருக்கும் கத்தரிக்காய் எனக்கு, என் டப்பாவில் இருக்கும் வத்தக்குழம்பு அவளுக்கு. சாப்பிட்ட பிறகு, "ஃப்ரீயா இருக்கியா?" என்பாள். எங்கே போகப் போகிறேன், பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் என் தோளில் தலையைச் சாய்ப்பாள். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் அவள் போட்டிருக்கும் பவுடர் வாசனையும் ஒன்றாக வரும். இன்றைக்கும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் பாதி வாசனைதான் வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு பழக்கம் அவளுக்கு. கடைக்கு வரும் வாரப் பத்திரிகையை வாங்கினால் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். தொடர்கதையானாலும் சரி, முடிவைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவாள். "நல்லபடியா முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் நான் நிம்மதியா படிப்பேன்" என்பாள்.

விசாரிக்க வந்தவர்கள்

அந்த நாளில் எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெரியம்மா கொண்டுவந்த இடம். நல்ல உத்தியோகம், சின்னக் குடும்பம். போட்டோ பிடித்துப்போய், பெண் பார்க்க நாள் குறிக்கிற நிலைமை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அந்த வேலையாக மாப்பிள்ளையின் அம்மாவும் தங்கையும் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்கள்.

நான் டம்ளர் பெட்டி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். அவர்கள் ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு, பில்லோடு எங்கள் மேஜைக்கு வந்து, "இங்க உசரமா ஒரு பொண்ணு இருக்குமே, எப்படிம்மா அந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜரீனாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தன் சிநேகிதிக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று அவள் துடித்திருக்கிறாள்.

நான் கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "வந்துட்டு போய்ட்டாங்கடி. உன்னைப் பத்தி சூப்பரா சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?"

"எங்க வாசு ரொம்ப ஃப்ரீ டைப்புங்க. ஆம்பள பொம்பள வித்தியாசமே பாக்க மாட்டா, யார்கிட்டயும் ஃப்ரீயா பழகுவான்னு சொன்னேன். ரவிக்கைத் துணிக்கு டம்ளர் கிடையாது, தெரியும்ல? ஆனா ரெண்டு டம்ளர் குடுத்தேன், அம்மாக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு."

எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை கை கோத்துக்கொண்டு நடந்தோம். பாண்டி பஜார் விளக்கெல்லாம் எங்களுக்காகவே எரிகிற மாதிரி இருந்தது.

இரண்டொரு நாளில் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"பொண்ணு ரொம்ப ஃப்ரீயாமே. ஆம்பளைங்க கூட எல்லாம் ஃப்ரீயா பழகுமாம். கூட வேலை செய்றவளே சொல்றாளாம். வேணாம்னுட்டாங்க."

நைனாவுக்கு விளங்கவில்லை. "ஃப்ரீன்னா நல்லதுதானே? மிஷினு ஃப்ரீயா சுத்துதுன்னா, எண்ணெ நல்லா புடிச்சுக்கீது, ஒரு கோளாறும் இல்லன்னு அர்த்தம்."

"மிஷினுக்கு நல்லது" என்றாள் பெரியம்மா. "பொண்ணுக்கு இல்ல."

நைனா என்னைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். 

மறுநாள் என்னைக் கடைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அம்மா கடைக்குப் போனாள். நடந்ததை வாட்ச்மேன் அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். கூட்டத்துக்கு நடுவில், ஜரீனா கையில் டம்ளரோடு நிற்க, அம்மா பேசித் தீர்த்திருக்கிறாள். "ஃப்ரீன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதவன்னுதாம்மா சொன்னேன். அல்லா மேல ஆணையா அதான் சொன்னேன்" என்று அவள் அழுதிருக்கிறாள். அம்மா காதில் ஏறவில்லை.

"அவளுக்குக் கல்யாணமே ஆவாம போச்சுன்னா, அதுக்கு நீதான் காரணம்." இதுதான் அம்மா அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை.

நான் மறுபடி வேலைக்குப் போனபோது ஜரீனாவின் ஸ்டூல் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குப் போனேன். அவள் அண்ணனின் கண்ணாடிக் கடை பூட்டிக் கிடந்தது. அண்ணனுக்கு ஆம்பூரில் வேலை அமைந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. ஆம்பூரில் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

காபி ஆறிய கதை

அந்த மாப்பிள்ளையின் முகம் எனக்கு இன்றைக்கு நினைவில்லை. அந்த இடம் போனதற்காக நான் ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை. அடுத்து வந்தவர்தான் இவர்.

மயிலாப்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை உச்சரிக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்த நேரம். பெரியவர்கள் எங்கள் இருவரையும் கூடத்தில் விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். இவர் தொண்டையைக் கனைத்தார். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். பிறகு பெரிய மனசோடு சொன்னார்.

"என்கிட்ட நீங்க ஃப்ரீயா பேசலாம்."

சமையலறையில் அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. காபி ஆறும் வரை சிரித்தேன், கடைசியில் அது அழுகையாகவும் ஆகிவிட்டது. மனிதர் பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார், நானும் முழுக் கதையையும் சொன்னேன். "உங்க ஃப்ரெண்டு சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று இப்போதும் சொல்லி வம்பிழுப்பேன்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை கொடுக்கவே வழியில்லாதவள் எப்படி வருவாள்? மகள் பிறந்தபோதும் அப்படித்தான் வாசலைப் பார்த்தேன். பல வருஷம் கழித்து, இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே அம்மா ஒருநாள், "அந்தப் பொண்ணை அன்னிக்கு அப்டி பேசியிருக்க வேணாம்" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

செல்போன் வந்த புதிதில் பேசினால் காசு, யாராவது கூப்பிட்டாலும் காசு. திடீரென்று இன்கமிங் ஃப்ரீ என்றார்கள். ஊரே காதில் போனை வைத்துக்கொண்டு அலைந்தது. என் கையிலும் ஒன்று இருந்தது, கூப்பிட அவள் நம்பர்தான் இல்லை. இவருக்கும் மகளுக்கும் சொல்ல முடியாத சில்லறை விஷயங்கள் எனக்கு இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஜரீனாவிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்துச் சேர்த்து வைத்து, பாதி மறந்தும் போய்விட்டது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தால் இன்றைக்கும் என் இடது தோள் அவளைத் தேடுகிறது.

திரும்பி வந்தபோது

அடையார் சிக்னலுக்கு வருகிறேன். திரும்பிய வேகத்தில் இவர் முதுகில் படபடவென்று அடித்தேன். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. ஓரம் கட்டி, விஷயம் புரிந்து, யூ டர்ன் எடுக்க இடம் தேடித் திரும்பி வருவதற்குள் சிக்னல் மாறி மாறி விழுந்திருந்தது. அந்த ஆட்டோ இல்லை. நேராகப் போயிருப்பாள். நேராகப் போகிற ரோட்டில் எத்தனை தெரு, எத்தனை வீடு.

"யாரு வாசு?"

"ஜரீனா."

அந்தப் பெயருக்கு இவருக்கு விளக்கம் தேவையில்லை. "இன்னா கேட்டாங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டா."

"நான் முன்னாடியே உக்காந்திருக்கேன், என்னை வெச்சுக்கினு அப்டி கேப்பாங்களா?"

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் வலது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் அதைக் கவனித்தேன். போனில் கூப்பிட்டால் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இவருடைய அக்கா மகன் கொஞ்ச நாள் அந்த வேலை பார்த்துவிட்டு விட்டுவிட்டான். ஹெல்மெட்டை மாமாவுக்குக் கொடுத்திருந்தான். புதிதாக வாங்குங்கள் என்று நான் சொன்னபோது இவர் சொன்ன பதில், "ஃப்ரீயா வந்துதே, நல்லாத்தானே கீது."

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று அந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜரீனாவின் கண்ணுக்கு நான், வாடகை வண்டிக்காரருக்குப் பின்னால் பூப்பொட்டலத்தோடு தனியாகப் போகும் ஒருத்தி. மேலே துப்பட்டா வேறு போர்த்தியிருந்தேன், கழுத்தில் இருப்பது தெரியாது. என் அம்மா சொன்ன வார்த்தை பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். இத்தனை காலம் அதைச் சுமந்தது போதாதா? நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறக்கி வைத்திருப்பாளே. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இவர் புது ஹெல்மெட் வாங்கிவிட்டார். வாரத்தில் இரண்டு தடவையாவது அந்தச் சிக்னல் வழியாகப் போகிறோம். நாத்தனாருக்கே ஆச்சரியம், என்ன அண்ணி இவ்வளவு பாசம் என்கிறாள். இப்போதெல்லாம் இவர் பச்சை விழும் வரை ஃப்ரீ லெஃப்டில் வேண்டுமென்றே நிற்கிறார். பின்னாலிருந்து வராத வசவு இல்லை. போன வெள்ளிக்கிழமையும் ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசினான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிதானமா பாரு வாசு, எனக்கு இன்னா வேலை? ஃப்ரீதான்" என்றார். நான் வலது பக்கம் நின்ற ஒவ்வொரு ஆட்டோவாகப் பார்த்தேன்.

ஜரீனா, இந்தப் பத்திரிகை உன் கைக்கு வருமோ வராதோ. வந்தால் கடைசியிலிருந்துதான் படிப்பாய். அதனால் நீ கேட்டதற்குப் பதிலைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஆச்சுடி. முன்னால ஹெல்மெட் போட்டுக்கினு உக்காந்திருந்தாரே, அவர்தான்.